டேஷ்போர்டுக்கு மண்ணெண்ணெய் போடலாமா?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். துறைமுகத்தில் வேலை. 2017 மாடல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுகிறார். காலையில் வெட்டவெளியில் நிறுத்தினால் பொழுது சாய்ந்த பிறகுதான் எடுப்பாராம். ஒவ்வொரு சர்வீஸ் முடிந்ததும் டேஷ்போர்டு மின்னிக்கொண்டு வருகிறது, பத்து நாளில் தூசி அப்பிப் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது. முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒரு எண்ணெய்ப் படலம். டிரைவர் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் கையில் ஒட்டுகிறது. டேஷ்போர்டில் கண்ணாடியை ஒட்டி ஒரு சின்ன வெடிப்பு. "ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி, துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் புதுசு மாதிரி ஆயிடும் என்கிறார். வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். எதைச் செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

இரண்டுமே வேண்டாம். மண்ணெண்ணெய் சீக்கிரம் கெடுக்கும், தேங்காய் எண்ணெய் மெதுவாகத் தொல்லை தரும், வித்தியாசம் அவ்வளவுதான். கூடவே சர்வீஸில் அடித்துத் தருகிற பளபளா பாலிஷையும் நிறுத்திவிடுங்கள். அடுத்த முறை வண்டியை விடும்போது ஜாப் கார்டிலேயே "உள்ளே பாலிஷ் வேண்டாம், துடைத்தால் போதும்" என்று எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் வாட்டர் வாஷ் பண்ணும் பையன் வரைக்கும் அது போய்ச் சேராது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, வண்டி மின்னவில்லை என்றால் வேலையே நடக்கவில்லை என்று சண்டை போடுகிற வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் எழுதிய நாலு பிரச்சினைக்கும் நாலு வெவ்வேறு காரணம். அதனால் ஒரே பாட்டில் வாங்கி எல்லாவற்றுக்கும் அடித்தால் சரியாகாது. காருக்குள் நாம் "பிளாஸ்டிக்" என்று சொல்வதெல்லாம் ஒரே சரக்கும் இல்லை. விரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போய்த் திரும்புகிற, தோல் மாதிரி கோடு போட்ட பரப்பு வினைல், அதாவது பி.வி.சி. ரெக்ஸின் சீட்டும் சீட் கவரும் பெரும்பாலும் இந்த வகைதான். தட்டினால் டக் டக் என்று கேட்கிற கெட்டியான பாகங்கள், உதாரணத்துக்கு கதவுப் பேடின் கீழ்ப்பகுதி, கிளவ் பாக்ஸ் மூடி, டிக்கி ஓரம், பாலிபுரோப்பிலீன், ஏ.பி.எஸ். என்ற கெட்டிப் பிளாஸ்டிக் வகைகளில் ஒன்றாக இருக்கும். ஸ்டீரியோவைச் சுற்றி முகம் தெரிகிற மாதிரி கறுப்பாக மின்னுவது பளபளப்புப் பூச்சு. ஸ்பீடோமீட்டர் மேல் இருப்பது கண்ணாடி இல்லை, ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக். இது போக, தொட்டால் ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் ஒரு பூச்சு சில வண்டிகளில் கைப்பிடி, சுவிட்ச் பக்கம் வரும். உங்கள் கதவுக் கைப்பிடி அந்த வகை என்று நினைக்கிறேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கண்ணாடிப் படலம், ஏனென்றால் உங்கள் டேஷ்போர்டின் கதையே அதில்தான் இருக்கிறது. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். வீட்டுக்குத் தண்ணீர் வருகிற குழாய் அதே பி.வி.சி.தான், அதை மடக்க முடியுமா? அதை வளைகிற, மெத்தென்ற தோலாக மாற்றுவதற்குத் தயாரிக்கும்போதே பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள பொருளைக் கலக்கிறார்கள். அது பி.வி.சி.யோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடுவதில்லை, உள்ளே கலந்து நிற்கிறது, அவ்வளவுதான். சூடு ஏற ஏற அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து ஆவியாகி, எதிரே இருக்கிற கண்ணாடியில் போய்ப் படிகிறது. ராத்திரியில் எதிர் வண்டியின் ஹெட்லைட் பட்டதும் கண்ணாடி முழுக்க மங்கலாக விரிகிறதே, அது இந்தப் படலம்தான், கூடவே உங்கள் சர்வீஸ் பாலிஷிலிருந்து ஆவியானதும் சேர்ந்திருக்கும். கோடையில் கண்மாய்க் களிமண் ஈரம் போனதும் விறைத்துப் பாளம் பாளமாக வெடிக்கிறது அல்லவா, பிளாஸ்டிசைசர் போன வினைலும் அப்படித்தான் சுருங்கி விறைத்து, எங்கே இழுவை அதிகமோ அங்கே முதலில் பிளக்கும். முன்கண்ணாடியை ஒட்டிய இடம் வண்டியிலேயே அதிகம் சுடுகிற இடம், வெடிப்பு அங்கே தொடங்கியதில் ஆச்சரியமே இல்லை.

எவ்வளவு சுடும் என்று கேட்டால், அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்களில் கார்களை நிறுத்தி அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களில் உள்காற்று சராசரியாக 47 டிகிரி, ஸ்டீரிங் 53 டிகிரி, டேஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்றவற்றில் டேஷ்போர்டு 48 டிகிரி. இது ஒரு மணி நேரக் கணக்கு. உங்கள் வண்டி பகல் முழுக்க நிற்கிறது, கோடையில் நம் ஊர்களில் 38 டிகிரி என்பது பேப்பரில் செய்தியாகக்கூட வராது. 69-க்கும் 48-க்கும் நடுவே இருக்கிற அந்த 21 டிகிரியை எந்த பாட்டிலும் குறைத்துத் தராது. அதனால்தான் டேஷ்போர்டைக் காப்பாற்ற என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும், முன்கண்ணாடிக்கு உள்ளே வைக்கிற வெள்ளி நிற மடக்கு சன் ஷேடு ஒன்று வாங்குங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். மலிவு, வைக்க அரை நிமிடம், மற்ற எதையும்விட அதிக வேலை செய்யும். பளபளப்புப் பக்கம் வெளியே கண்ணாடியைப் பார்த்து இருக்க வேண்டும், கண்ணாடியோடு நன்றாக ஒட்டி நிற்க வேண்டும், ஓரத்தில் இடைவெளி விட்டால் அந்த இடத்தில் வெயில் நேராக அடிக்கும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, அந்தப் படலமே புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி, அவற்றின் வழியாக ஒரு பகுதி உள்ளே வரும். ஆக பாட்டிலில் "யு.வி. பாதுகாப்பு" என்று பெரிதாகப் போட்டிருப்பதால் டேஷ்போர்டுக்கு வருகிற லாபம் கொஞ்சம், கதவுப் பேடின் மேல்விளிம்புக்கும் ஜன்னலோர சீட்டுக்கும் பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பார்சல் டிரேவுக்கும் வருகிற லாபம் அதிகம். நம் ஆட்கள் டேஷ்போர்டை மட்டும் வழித்து வழித்துப் பூசிவிட்டு இந்த மூன்று இடத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது அண்ணாச்சியின் மண்ணெண்ணெய். அவர் சொல்வது பொய் இல்லை, துடைத்த உடனே கறுப்பாக, புதுசாகத்தான் தெரியும், அதனால்தான் இந்தப் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எல்லாமே கரைப்பான்கள். அழுக்கைக் கரைக்கும்போதே வினைலில் இருக்கிற பிளாஸ்டிசைசரையும் சேர்த்து வெளியே இழுக்கும். வெயில் பல வருஷத்தில் செய்கிற வேலையை நீங்களே முன்கூட்டிச் செய்துகொடுத்த கணக்குதான். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரில் வருகிற அசிட்டோனும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையே கரைத்துப் பிசினாக்கிவிடும். மூடிய வண்டிக்குள் அந்த ஆவியை மூச்சில் இழுப்பதும், தீப்பிடிக்கிற ஆபத்தும் தனி. ஏற்கெனவே வெடிப்பு விட்ட டேஷ்போர்டில் மண்ணெண்ணெய் பட்டால் வெடிப்பின் உதடுகள் இன்னும் விறைக்கும்.

தேங்காய் எண்ணெய் அவ்வளவு கொடுமை செய்யாது. ஆனால் பிளாஸ்டிக் எண்ணெயைக் குடித்து ஊட்டம் பெறுகிற பொருள் இல்லை. மேலே நிற்கும், தூசியைப் பிடிக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், டேஷ்போர்டின் கோடுகளுக்குள் கறுப்புப் பசையாக உட்காரும். அதை எடுப்பது பழைய பாலிஷை எடுப்பதைவிடப் பெரிய வேலை. நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய், பேபி ஆயில் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

சர்வீஸ் பாலிஷைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். "சிலிக்கான் டேஷ்போர்டைக் காயவைத்து வெடிக்க வைக்கும்" என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. சிலிக்கான் எண்ணெய் பெரிதாக எதனோடும் வினை புரியாத பொருள். கெடுதல் எங்கே வருகிறது என்றால், மலிவான பாலிஷில் அந்தச் சிலிக்கானைக் கரைத்து வைக்க பெட்ரோலியக் கரைப்பானைச் சேர்க்கிறார்களே, அதிலிருந்து. நிறமே இல்லாமல், எண்ணெய் மாதிரி வழுவழுவென்று, முகர்ந்தால் பெட்ரோல் பங்க் வாசம் அடித்தால் அந்த வகை. பால் மாதிரி வெள்ளையாக, தண்ணீர் போல ஓடுவது பெரும்பாலும் தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது, அது வினைலுக்குத் தோதானது. லேபிளில் "பெட்ரோலியம் டிஸ்டிலேட்" என்றோ பாட்டிலில் தீச்சின்னமோ இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். கம்பெனி பெயர் கேட்காதீர்கள், ஒரே கம்பெனி இரண்டு வகையும் விற்கிறது, பெயரைவிட லேபிள்தான் முக்கியம். அழுத்தமூட்டிய ஸ்ப்ரே கேன்களை வண்டிக்குள் விட்டுவைக்கவே கூடாது, 50 டிகிரிக்கு மேல் சூடுபடுத்தாதே என்று அதன் முதுகிலேயே போட்டிருக்கும். மேலே சொன்ன கணக்கோடு அதைச் சேர்த்துப் பாருங்கள்.

சரி, ஏற்கெனவே ஏறியிருக்கிற பாலிஷை எப்படி எடுப்பது? ஒரு சோதனை செய்யுங்கள். டேஷ்போர்டின் ஒரு மூலையில் நகத்தால் மெதுவாக ஒரு இழுப்பு. நக இடுக்கில் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஏதாவது சேர்ந்தால் அதுதான் பல சர்வீஸின் பாலிஷும் தூசியும் சேர்ந்த படிவு. இதை ஒரே நாளில் சுரண்டி எடுக்க நினைக்காதீர்கள், இரண்டு மூன்று தடவையில் போகும்.

அதிகாலையிலோ, நிழலில் நிறுத்தி வண்டி ஆறின பிறகோ ஆரம்பியுங்கள். சூடான டேஷ்போர்டில் எதைப் போட்டாலும் துடைப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். முதலில் ஈரமே படாமல் தூசியை எடுக்க வேண்டும். பெயின்ட் கடையில் கிடைக்கிற ஒரு அங்குல மெல்லிய முடி பிரஷ் போதும், இரும்புப் பட்டை இருந்தால் அது பிளாஸ்டிக்கைக் கீறாதபடி மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு கையில் வேக்குவம் குழாய், மறு கையில் பிரஷ், ஏசி வென்ட்டின் ஒவ்வொரு இதழாகத் தட்டித் தட்டி இழுங்கள். உங்கள் ஊர்த் தூசியில் உப்பும் மணலும் சேர்ந்தே இருக்கும், இதை எடுக்காமல் ஈரத்துணி போட்டால் அந்த மணலே உப்புத்தாள் வேலை பார்த்துவிடும்.

அப்புறம் கழுவுகிற நீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பேபி ஷாம்பூ போதும். போர் தண்ணீர் எடுக்காதீர்கள், அதில் இருக்கிற உப்பு காய்ந்ததும் கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், பிறகு அதையே "பிளாஸ்டிக் வெளுத்துவிட்டது" என்று நினைத்துப் பாலிஷ் வாங்கப் போவோம். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவுகிற திரவம் வேண்டாம், நுரையையும் பிசுக்கையும் விட்டுப்போகும், கோடுகளுக்குள்ளிருந்து அதை எடுக்க ஒரு வாளி தண்ணீர் ஊற்றவா முடியும்? படிவு ரொம்பப் பிடிவாதமாக இருந்தால் கார் உள்பக்கத்துக்கென்று விற்கிற ஆல் பர்பஸ் கிளீனரை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, யாரும் பார்க்காத ஒரு ஓரத்தில் போட்டுப் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள்.

டேஷ்போர்டில் நேராகத் தெளிக்காதீர்கள், எப்போதும் துணியில் தெளித்துத் துடைப்பதுதான் முறை. சுவிட்சுக்கும் ஸ்டீரியோவுக்கும் பின்னால் இருப்பது கரண்ட். மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துப் பிழிந்து, ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி அகலத்துக்கு மேல் போகாமல் துடையுங்கள். கோடு போட்ட இடத்தில் துணி மேட்டை மட்டும்தான் தொடும், பள்ளத்தில் இருக்கிறதை எடுக்க மென்மையான டூத் பிரஷ்ஷை அந்த நீரில் தொட்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். பழுப்பாக ஒரு சேறு மேலே வரும். அது காய்வதற்குள் துணியின் சுத்தமான மடிப்பால் ஒற்றி எடுங்கள், பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த இன்னொரு துணி, கடைசியில் காய்ந்த துணி. துணி கறுத்ததும் மடிப்பை மாற்றுங்கள், மாற்றாவிட்டால் எடுத்த அழுக்கையே அடுத்த இடத்தில் பூசிக்கொண்டிருப்பீர்கள். நல்லபடியாகச் சுத்தமான டேஷ்போர்டு மின்னாது. கொஞ்சம் மந்தமாக, விரலில் வறண்டு தெரியும். கம்பெனியிலிருந்து வெளிவந்தபோது அது அப்படித்தான் இருந்தது, பாலிஷுக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் வெளுத்த மாதிரி தெரியும், கவலைப்பட வேண்டாம்.

ஸ்பீடோமீட்டர் மூடி, டச் ஸ்கிரீன், அந்தக் கறுப்புப் பளபளப்பு மூன்றுக்கும் தனித் துணி, வெறும் தண்ணீர். அம்மோனியா கலந்த வீட்டுக் கண்ணாடி கிளீனரை இங்கே காட்டவே கூடாது, தெளிந்த பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் முடி முடியாக விரிசல் விடும், திரையின் மேல்பூச்சும் கெடும். சானிடைசரும் அப்படியே, 2020-லிருந்து வண்டிக்குள் பாட்டில் வைக்கிற பழக்கம் வந்துவிட்டது, சானிடைசர் ஈரம் காயாத கையோடு ஸ்டீரிங்கைப் பிடிக்காதீர்கள். கொசு விரட்டி கிரீம்களில் டீட் என்ற மருந்து உள்ளவையும் பிளாஸ்டிக்கை மென்மையாக்கி ரேகை பதிய வைக்கும். ஏசி வென்ட்டில் மாட்டுகிற திரவ வாசனைப் பாட்டில் கசிந்தால் அது வழிந்த கோடு அப்படியே டேஷ்போர்டில் பதிந்துவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. வாசனை வேண்டுமென்றால் தொங்குகிற அட்டை வகை வாங்குங்கள்.

முன்கண்ணாடி உள்பக்கத்தை டேஷ்போர்டு முடிந்த பிறகு செய்யுங்கள், முன்னால் செய்தால் மறுபடி செய்ய வேண்டிவரும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு மேலிருந்து கீழாக ஒரு தடவை, காய்ந்த துணியால் பக்கவாட்டில் ஒரு தடவை. கீழே டேஷ்போர்டில் சொட்டாமல் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை துடைத்தால்தான் படலம் முழுக்கப் போகும்.

இப்போது கதவுக் கைப்பிடி. அந்த ரப்பர் மாதிரிப் பூச்சு பாலியூரித்தேன் வகை. காற்றின் ஈரப்பதமும் சூடும் சேர்ந்து பல வருஷத்தில் அதன் அமைப்பையே உடைத்து இளக்கிவிடுகின்றன, கையின் வியர்வையும் எண்ணெயும் அதைத் துரிதப்படுத்தும். கடலோர ஊரில் இது சீக்கிரம் வருவதும் இதனால்தான். இது அழுக்கு இல்லை, பூச்சே அழிகிறது, அதனால் எவ்வளவு கழுவினாலும் திரும்பவும் ஒட்டும். பவுடர் போடுவார்கள், அது ஒரு வாரம் தாங்கும். முடிவான வழி அந்தப் பூச்சை எடுத்துவிடுவது. கையுறை போட்டு, கதவைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல், மருந்துக் கடையில் கிடைக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பழைய பனியன் துணியில் தொட்டுத் தேய்த்தால் கறுப்பாக உருண்டு உருண்டு வரும். பொறுமை வேண்டும், நிறையத் துணி வேண்டும். அடியில் கெட்டியான பிளாஸ்டிக் வந்ததும் நிறுத்துங்கள். பழைய மெத்தென்ற தொடுகை திரும்பாது, மினுமினுப்பும் பக்கத்துப் பாகத்தோடு பொருந்தாமல் போகலாம். சுவிட்ச் மேல் படம் அச்சிட்டிருந்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும், அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

சீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ரெக்ஸின் கவர் போட்டிருப்பீர்கள் என்ற கணக்கில் இரண்டு விஷயம். தலை சாய்கிற இடத்தில் தலைமுடி எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும், அதே ஷாம்பூ நீர்தான், ஆனால் தையலில் ஊறவிடக் கூடாது, நூல் அழுகும், அடியில் இருக்கிற ஃபோம் வாடை அடிக்கும். இன்னொன்று ஆயுத பூஜை. ஸ்டீரிங்கிலும் டேஷ்போர்டிலும் வைக்கிற சந்தனம், குங்குமத்தைப் பூஜை முடிந்ததும் ஈரத்துணியால் துடைக்கப் போய்த்தான் பலரும் கறையை வாங்குகிறார்கள். குங்குமம் தண்ணீர் பட்டதும் சாயம் விட்டுக் கோடுகளுக்குள் இறங்கிவிடும், முக்கியமாக பீஜ் நிறப் பாகங்களில். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் உதறி, வேக்குவம் போட்டு, மிச்சம் இருக்கிற பொட்டை மட்டும் ஒற்றி எடுங்கள். மஞ்சள் கறை நின்றுவிட்டால் பயப்படாதீர்கள், மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது, வெயில் படுகிற இடமானால் சில நாளில் தானாக மங்கிவிடும்.

எல்லாம் காய்ந்த பிறகு பாதுகாப்புப் பூச்சு. தண்ணீர் அடிப்படை, மேட் ஃபினிஷ் (அதாவது மின்னாத வகை), இந்த இரண்டும் இருந்தால் போதும். பஞ்சிலோ சின்ன ஃபோம் துண்டிலோ கொஞ்சமாக எடுத்து மெல்லிசாகத் தேய்த்து, சில நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் வழித்து எடுத்துவிடுங்கள். இந்த வழித்தெடுப்பைத்தான் எல்லோரும் விடுகிறார்கள், தூசி ஒட்டுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். தொட்டால் கையில் எதுவும் வரக் கூடாது, வெயிலில் பார்த்தால் டேஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் தெரியக் கூடாது. பளபளா டேஷ்போர்டை நான் இவ்வளவு எதிர்ப்பதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை: மதிய வெயிலில் அது முன்கண்ணாடியில் பிரதிபலித்து எதிரே பைக்கில் வருகிறவரை மறைக்கும். ஸ்டீரிங், கியர் நாப், ஹேண்ட் பிரேக், பெடல், கால் மிதியடி, இவற்றில் எந்தப் பூச்சும் வேண்டவே வேண்டாம், வழுக்கும். வெயிலில் நிற்கிற வண்டிக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை போட்டால் சரியாக இருக்கும். நடுவில் வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் ஒரு துடைப்பு, வேறு எதுவும் தேவையில்லை.

சன் ஃபிலிம் ஒட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கத்தில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. நடுரோட்டில் நிறுத்தி உரிக்கச் சொன்னால் அந்தப் பசையை எடுக்க வேறு ஒரு நாள் போகும். நிறுத்தும்போது மட்டும் பக்க ஜன்னலில் மாட்டுகிற வலை ஷேடு போதும், ஓட்டும்போது கழற்றிவிடுங்கள். கண்ணாடிகளை ஒரு விரல் அளவு இறக்கி வைக்கலாம், மழைக்காலம் இல்லாவிட்டால். துறைமுக நிறுத்தத்தில் இடம் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் மதியத்துக்கு மேல் வெயில் வண்டியின் பின்புறம் விழுகிற மாதிரி நிறுத்திப் பாருங்கள், சன் ஷேடு மறந்த நாளிலும் டேஷ்போர்டு கொஞ்சம் தப்பிக்கும்.

கடைசியாக வெடிப்பு. உண்மையைச் சொன்னால், விழுந்த வெடிப்பை எந்தத் திரவமும் மூடாது. பெரிதாகாமல் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான், அதற்குச் சன் ஷேடுதான் மருந்து. ஃபெவிக்விக் விட்டு ஒட்டாதீர்கள், அது விறைத்துப் போய் பக்கத்தில் புது வெடிப்பை உண்டாக்கும், சுற்றிலும் வெள்ளைப் புகை மாதிரிப் படியும். எம்-சீலும் வேண்டாம். வினைல் ரிப்பேர் செய்கிற அப்ஹோல்ஸ்டரி ஆட்கள் நெகிழ்கிற நிரப்பி வைத்து, சூடு காட்டி, கோடு அச்செடுத்து, நிறம் அடிப்பார்கள். சின்ன வெடிப்புக்கு அது நன்றாகவே வரும், விரல் நீளத்தைத் தாண்டுவதற்குள் காட்டிவிடுங்கள். துணி டேஷ்போர்டு கவர் வாங்கிப் போடலாம், ஆனால் உங்கள் மாடலுக்கென்று, பயணி பக்க ஏர்பேக்குக்கு வழி விட்டு வெட்டியதாக இருக்க வேண்டும். டேஷ்போர்டில் "எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்" என்று எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த மூடியின் மேல் கவர், ஒட்டும் ஜெல் பேட், போன் ஸ்டாண்ட், பிள்ளையார் சிலை எதுவுமே கூடாது. ஏர்பேக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெடித்துத் திறக்கும், மேலே இருக்கிற சிலை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குத்தான் வரும். உங்கள் வெடிப்பு அந்த மூடியின் கோட்டை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருந்தால் யாரையும் நிரப்ப விடாதீர்கள், கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டி டேஷ்போர்டு மாற்ற என்ன ஆகும் என்று கேளுங்கள். சிலையை நடுவிலோ டிரைவர் பார்வையை மறைக்காத வேறு இடத்திலோ வையுங்கள். பழைய இடத்து இரட்டைப் பக்க டேப்பை ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, பழைய ஏ.டி.எம். கார்டால் ஒரு ஓரத்திலிருந்து தூக்கினால் வந்துவிடும், மிச்சப் பசையை விரலாலேயே உருட்டி எடுங்கள்.